பந்தல் கேட்ட வருஷம்

போன வாரம் நாமக்கல் போகிற பஸ்ஸில் ஒரு அம்மா பலாப்பழத்தோடு ஏறினார். கண்டக்டர் பழத்துக்கும் டிக்கெட் கேட்டார். "மடியில வெச்சுக்கறேனுங்க. கைப்பிள்ளைக்கு டிக்கெட் கேப்பீங்களா?" என்றார் அந்த அம்மா. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்கப் பழம் சூடாகி வாசம் கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பலா தின்று ரொம்ப வருஷம் ஆகிறது. கொல்லிமலைக்காரன் பலா வேண்டாம் என்றால் யார் நம்புவார்கள்? வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

எங்களுடையது மலைமேல் குண்டூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். ஆனி மாதம் அங்கே பழ நோம்பி என்று ஒரு திருவிழா நடக்கும். சாமிக்கு எடுக்கிற நோம்பி இல்லை. கஷ்டத்தில் இருக்கிற ஒரு ஊட்டுக்காக ஊரே சேர்ந்து பணம் திரட்டுகிற நோம்பி. ஒரு வருஷம் கூரை எரிந்த ஊட்டுக்கு நடந்தது. இன்னொரு வருஷம் மாடெல்லாம் செத்துப்போன ஊட்டுக்கு. அவரவர் மரத்தில் முதலில் முற்றுகிற பழத்தின் காம்பில் துணி கட்டிவிடுவார்கள். துணி கட்டிய பழம் நோம்பிப் பழம். அப்புறம் அதை யாரும் தொட மாட்டார்கள், குரங்கைத் தவிர.

நோம்பியன்று பழம் எல்லாம் ஊர்ப் பொது மந்தைக்கு வரும். ஏலம் விடுவார்கள். எடுத்தவர் காசை வைத்துவிட்டுப் பழத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படி ஒரே பழம் ஊரைச் சுற்றிவிடும். சாயங்காலம் எல்லாரும் கூடி அறுத்துத் தின்போம். யாருக்காக நோம்பியோ அந்த ஊட்டுக்காரர்தான் முதலில் விலை கேட்கணும். சும்மா வாங்கிக்கொண்டார் என்று பேர் வரக் கூடாது, அதற்குத்தான்.

அந்த வருஷம் நோம்பி என் அக்காவுக்கு. நெஞ்சில் வால்வு சரியில்லை. மழைக்கு முன்னால் ஆபரேஷன் செய்தாகணும் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டையெல்லாம் மலைக்கு வராத காலம். நான் அப்போது ஒருவரிடம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாவது. எனக்கு வண்டி ஓட்டுவதைவிட ஹாரன் அடிக்கத்தான் நன்றாகத் தெரியும் என்பாள் அக்கா.

முதல் விலை கேட்பதை நினைத்து அவளுக்கு ஒரே யோசனை. சாமை புடைத்துக்கொண்டே, மூச்சு வாங்க வாங்க, என்னைக் கேட்டாள்.

"ஏன்டா, எவ்வளவுக்குக் கேட்டா மானம் போகாது?"

"பத்து ரூவா."

"பத்து ரூவாய்க்கு உன்னைத்தான் கேப்பேன். போ."

அதுவரை பந்தல் என்றால் நாலு கம்பும் மேலே தழையும்தான். அந்த வருஷம் திருப்பூரில் வேலைக்குப் போய்த் திரும்பிய பையன்கள் ஷாமியானா வேண்டும், மைக் செட் வேண்டும் என்றார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஏலம் கூடும், அக்காவுக்கு நல்லது என்றார்கள். அந்தச் செலவைப் பஞ்சாயத்து ஏற்க வேண்டும் என்று கிராம சபையில் கேட்பதாக முடிவானது. எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. அக்கா பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் கொடுக்கலாம் என்கிற மாதிரிதான் பேசினார். வேறு ஊர் மெம்பர் ஒருவர் எழுந்தார். "அவங்க பலாவுக்குப் பஞ்சாயத்து பந்தல் போட்டா, எங்க அன்னாசிக்கு என்ன, கூரை வேய்ஞ்சு குடுக்குமா?" என்றார். சபை சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

பஞ்சாயத்து கிளார்க் கீழ்நாட்டுக்காரர், மலைக்குக் கீழே ஊர். மரியாதையான மனுசன். திருவிழாவுக்குச் செலவு எழுத எந்தக் கணக்கிலும் இடம் இல்லை என்றார். பஞ்சாயத்து காசு கொடுத்தால் வசூலாகிற காசுக்கும் பஞ்சாயத்து பதில் சொல்லணும் என்றார். ஒரே பழத்தைத் திரும்பத் திரும்ப விற்றால் எப்படி ரசீது போடுவது என்று கேட்டார். கடைசியில் தயங்கித் தயங்கி, "தனிநபர் வைத்தியம் பொதுக்காரியத்துல வராதுங்க" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தனிநபராம். அவளுக்குப் பேர் இருக்கிறது. அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

மத்தியானம் வரை பேசினார்கள். முடிவு வரவில்லை. மேலே எழுதிக் கேட்டுச் சொல்கிறோம் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

நாங்கள் காத்திருந்தோம். சபையில் ஒன்றைக் கேட்டுவிட்டால் பதில் வராமல் அந்தக் காரியத்தில் கை வைக்கக் கூடாது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் அப்படித்தான். கை வைத்தால் சபையை மதிக்காததாக ஆகும். பஞ்சாயத்தும் ஒரு சபைதானே என்று நினைத்தோம். "கேட்டாச்சு. பதில் வரட்டும்" என்றார் ஊர்க்கூட்டத்தை நடத்துகிற எங்கள் ஊர்க்கவுண்டர். அக்கா புருஷன் மாமா மட்டும் ஒருநாள், தழைப் பந்தலே போதும், நடத்திவிடலாம் என்றார். அக்காவே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

தனியாகக் காசு கொண்டுவந்தவர்களும் உண்டு. அவள் வாங்கவில்லை. "நோம்பி வரட்டும் சாமி. நான் மொதல்ல கேக்கறேன். அப்புறம் குடுங்க" என்றாள்.

ஆனி போனது. ஆடியும் போனது. துணி கட்டிய பழங்கள் மரத்திலேயே பழுத்து, வெடித்து, விழுந்தன. யாரும் எடுக்கவில்லை. ஊர் முழுக்க அந்த வாசம். அக்கா வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மழை பிடித்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது. நான்தான் ஜீப்பை எடுத்தேன். வளைவெல்லாம் தண்ணீர். பாதி மலையில் மாமா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார். "திருப்பு" என்றார். திருப்பினேன்.

துக்கம் கேட்க கிளார்க் அவ்வளவு தூரம் மழையில் நடந்து வந்தார். கவுண்டர் அவரிடம், பதில் வந்ததா என்று கேட்டார். கிளார்க்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"நோம்பி நடத்த வேண்டாம்னு நான் சொல்லலைங்களே. பந்தலுக்குத்தானுங்க கேட்டீங்க. நீங்க பாட்டுக்கு நடத்தியிருக்கலாமே."

அவர் மேல் தப்பில்லை. அவர் ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது. கவுண்டர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சில வருஷம் கழித்து, பந்தலுக்குச் செலவு செய்யலாம் என்று மேலிருந்து பதில் வந்தது. இப்போது வருஷா வருஷம் ஷாமியானா உண்டு. மைக் செட், லைட், ஆடல் பாடல் எல்லாம் உண்டு. சோளக்காடு ஊரிலிருந்தெல்லாம் கூட்டம் வருகிறது. ஏலம் மட்டும் இல்லை, அதற்கு ரசீது போட முடியாதாம்.

இப்போது யார் ஊட்டில் என்ன நோய் என்று யாரும் சபையில் சொல்வதில்லை. மிளகுத் தோட்டத்தை யாருக்கோ விலை பேசி முடித்துவிட்டுக் காலை பஸ்ஸில் கீழே இறங்கிவிடுகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்றால், சும்மா சொந்தக்காரர் ஊட்டுக்கு என்கிறார்கள். ஆம்புலன்ஸ் அவர்களைத் திரும்ப மேலே கொண்டுவந்து ஒரு வாசலில் நிற்கும்போதுதான் எங்களுக்கே தெரிகிறது.