வேர் எச்சில்

பழைய கார்பன் தாளைச் சீசாவின் மேல் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டுகிறார் வெங்கடலட்சுமி. உள்ளே இருக்கும் வேரில் வெளிச்சம் படக் கூடாது. டைப்பிஸ்ட் தூக்கி எறியும் தாளையெல்லாம் கேட்டு வாங்கிவந்து சுற்றுவதால் விரல்கள் எப்போதும் நீலம். வீடு இருக்கும் கணபதிப் பகுதியிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர், எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கேட்டாராம்.

டீச்சர் இல்லை. 1980இல் கோவைப் பயிர் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தவர். பதினான்கு வருடம் கழித்தும் தினக்கூலிதான். சீசாத் தண்ணீரில் தட்டைப்பயிற்று நாற்றை நிறுத்தி, வேரிலிருந்து கசிவதைச் சேர்ப்பது வேலை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கசிவை அடையாளம் கண்டுதான் வேரைத் தேடி வருகின்றன. வேரில் முடிச்சாகத் தங்கி, காற்றிலிருந்து செடிக்கு உரம் எடுத்துக் கொடுக்கின்றன. ஆய்வாளர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். இவருக்கு அது வேர் எச்சில்.

“பசிச்ச வேருதானுங்க எச்சிய உட்டுக் கூப்புடும். யூரியாவக் கொட்டிப்போட்டா அது எதுக்குங்க கூப்புடோணும்?”

கோபம் வந்தாலும் அந்த ‘ங்க’ போகாது, இன்னும் கூடும். நாற்றைத் தொட்டுப் பார்த்த ஓர் ஆய்வாளரை, “வெளிய போயிருங்க சாமி, போயிருங்க” என்று வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

போன மாதம் மேலதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். புதிதாக வந்த பிரிவுத் தலைவர் அரங்கசாமிக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒன்பது நாள் கசிவு சேர்ந்து லேசாகக் கலங்கியிருந்த நாற்பது சீசாக்களையும் தாளைப் பிரித்துப் பார்த்து, அழுக்குத் தண்ணீர் என்று நினைத்துக் கவிழ்க்கச் சொல்லி, குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டார். வெங்கடலட்சுமி அன்று விடுப்பு. அந்தப் பருவத்து ஆய்வே பாழ். தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். விடுப்பில் இருந்தவர்மேல் பழியைப் போட்டதை என்னால் இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

இவரைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்றுதான் அந்தக் கடிதம் வந்தது. தன் கவனக்குறைவால் கொட்டிவிட்டதாக வெங்கடலட்சுமியே எழுதியதுபோல் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார் அரங்கசாமி.

வெங்கடலட்சுமி குரலை உயர்த்தவில்லை. “ஒம்போது நாளு எச்சிய ஒரு நிமிசத்துல சாக்கடைல உட்டது நீங்க. கையெழுத்து மட்டும் எதுக்குங்க என்னுது?”

அரங்கசாமி பேனாவை நீட்டியபடி நின்றார். வெங்கடலட்சுமி கடிதத்தையும் நகலையும் பிரித்து, நடுவில் இருந்த கார்பன் தாளை மட்டும் உருவிக்கொண்டார். மற்ற இரண்டையும் அரங்கசாமி கையிலேயே திருப்பி வைத்தார். கார்பன் புதுசு. அதை அடுத்த சீசாவில் இறுக்கிச் சுற்றி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.