பொலிஸ் அப்பாவின் பகிடிகள்

பொலிஸ் வேலை அப்பாவுக்குக் கிடைத்தால், ஊர் தள்ளி நிற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். உங்களில் யாராவது அப்படி வளர்ந்திருந்தால் தெரியும், நாங்கள் போனதும் அங்கே நடக்கிற கதை நின்றுவிடும். மாங்குளத்தில் போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜனாக இருந்த எங்கள் அப்பா போனாலோ, அப்போதுதான் கதையும், அவர் பகிடிக்குச் சிரிப்பும் தொடங்கும்.

தலைப்பாகை

ஒருநாள் கார் பழுதாகி, சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக் கோயிலுக்குப் பறந்த மாப்பிள்ளையை அப்பா மறித்தார். தலையில் ஹெல்மெட் இல்லை, தலைப்பாகைதான் இருந்தது. முகூர்த்தம் தப்பப் போகிறது என்று அவர் கெஞ்சினார். விடவும் முடியாது, தடுக்கவும் மனமில்லை. அப்பா அவரை ஜீப்பில் ஏற்றி, சைரனைப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் இறக்கினார். பிறகொரு நாள் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மாப்பிள்ளை சொன்னார்:

“பொம்பிளை வீட்டார் என்ர கையில விலங்கு கிடக்கோ எண்டுதான் முதல் பாத்தவை, சேர்.”

கிணற்றுக்கட்டு

வெள்ளத்தில் வயல் அழிந்துபோன ஒருவர், குதிக்கப்போவதாகச் சொல்லிக் கிணற்றுக்கட்டில் ஏறியிருந்தார். அப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் ஏறி, பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாராம். நீர் குதித்தால் என் வேலைக்கு நானும் குதிக்கவேணும், எனக்கு நீந்தத் தெரியாது, யோசித்துச் செய்யும் என்றாராம். அதன்பின் வயலைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி நெடுநேரம் கதை.

அதைக் கேட்டு அம்மா அப்பாவை ஏசித் தீர்த்தா. அப்பாவுக்கு மெய்யாகவே நீந்தத் தெரியாது. முல்லைத்தீவுக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத மனிதர். அடுத்த கிழமை அந்த வயல்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“பிள்ளை, எனக்காக இல்லை, உன்ர அப்பா சாகக்கூடாதெண்டுதான் நான் இறங்கினனான்.”

வாட்டுச் சந்தி

பிறகு அப்பாவின் தொண்டையில் கான்சர் வந்தது. ஒப்பரேசனோடு குரல் போய்விட்டது. இனி இந்த மனிதர் எப்படிச் சிரிப்பு மூட்டுவார் என்று நான் பயந்தேன். ஒரு காலை, ஆஸ்பத்திரி வாட்டு நடைபாதையில் சாப்பாட்டு வண்டி ஒரு பக்கமும் சக்கர நாற்காலி மறுபக்கமும் வந்து முட்டப் பார்த்தன. அப்பா கட்டிலிலிருந்து எழும்பிப் போய் நடுவில் நின்று, ஒரு கையால் வண்டியை மறித்து, மறு கையால் நாற்காலிக்கு வழி விட்டார். மெலிந்த கை கடைசிவரை இறங்கவில்லை. வலியில் முனகிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நேர்ஸ் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கூட்டிவந்து சொன்னா:

“ஐயா, நீங்கள் லீவில நிக்கிறியள், மறந்திடாதேங்கோ.”

தெரியாத தமிழ்

அப்பா போன அன்று, அவரோடு நெடுங்காலம் ஒரே ஜீப்பில் ஓடிய சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். சவப்பெட்டியடியில் நின்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சார்ஜன் எனக்குப் பகிடி மட்டும்தான் சொல்லித் தந்தது, மகள். செத்த வீட்டில கதைக்கத் தமிழ் சொல்லித் தரேல்லை.”

இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும், எங்கள் அப்பா வேலை செய்தாரா விளையாடினாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.