ஏழு அட்டைகளுக்கு ஒரு கையெழுத்து

வசந்தா மேடத்தின் மேல் புகார் எழுதிப் போட்டவர் நம் வாசகர் வட்டத்தில்தான் இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை காலை, மாரடைப்பில் மேடம் இறந்த செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் கும்பிடும் கை படத்தை முதலில் போட்டவரும் அவரே. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறவில்லை.

நம் கிளை நூலகத்தின் நூலகராக இருந்த மேடத்தை, அமைதியானவர் என்றே குழுவில் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். அமைதியானவர் இல்லை.

ஒரு சனிக்கிழமை, இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வித்யா உறுப்பினராகச் சேர வந்தாள். படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றது.

"பிறந்ததும் முகாம், இருக்கிறதும் முகாம். என்னத்தையக்கா எழுதுறது?"

"முகாம்னே எழுதும்மா. இந்த ஊர்ல இருபது வருஷமா கான்ட்ராக்ட்டாவே இருக்கறவங்க இருக்காங்க. பர்மனென்ட்னா என்னன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார் மேடம், என்னைப் பார்த்துக்கொண்டே. சுரங்கத்தில் எனக்கு அது ஒன்பதாவது கான்ட்ராக்ட் வருடம்.

அடுத்தது பிணைக் கையெழுத்து. நிரந்தர வேலையில் இருப்பவர் போட வேண்டும். செய்தித்தாள் மேசையில் நம்மவர்கள் நான்கு பேர், நால்வருமே பர்மனென்ட். ஒருவர் கேட்டார்: "புக்க எடுத்துகினு கப்பல் ஏறிட்டா யாரப் போய்க் கேக்கறது மேடம்?"

"ஏறட்டுங்க. கப்பல்ல படிக்க ஏதாவது வேணும் இல்ல?"

சொல்லிவிட்டு அவரே கையெழுத்துப் போட்டார். பிறகு முகாமிலிருந்து இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ஏழு அட்டைக்கும் அவர்தான் பிணை.

அந்தப் பிணைகளைப் பற்றிய புகாரை விசாரிக்க வந்த அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார். செய்தித்தாள் மேசையில் பேசிய அந்தக் கப்பல் வாக்கியம் அதில் அப்படியே இருந்தது. "இவங்கல்லாம் உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். புத்தகம் திருப்பித் தராதவர்களின் பட்டியலை மேடம் எடுத்து நீட்டினார். முகாம் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது.

"இவங்கதான் சார் என் சொந்தக்காரங்க" என்றார், பட்டியலைத் தொட்டுக் காட்டி.

மெமோ வந்தது. இனி அவர் யாருக்கும் பிணை நிற்கக் கூடாது. ஏற்கெனவே போட்டது அவர் வேலையில் இருக்கும்வரை செல்லும்.

மேடம் இறந்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை, ஏழு அட்டைகளையும் நிறுத்திவிட்டார்கள். வித்யாவுக்கு அடுத்த மாதம் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வு. அதற்கான புத்தகங்கள் அவளுக்கு இங்கே மட்டும்தான் கிடைக்கும். "ஆரும் கையெழுத்துப் போடுவினமோ அண்ணா?" என்றாள். நான் போட்டால் செல்லாது.

புதுப் படிவங்களில் ஏழு பேரிடமும் எழுதி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் மேடத்தின் படத்துக்கு முன்னால் வைத்து, "பர்மனென்ட்ல இருக்கறவங்க யாராவது வந்து கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன். நாற்பது பேர் இருந்தீர்கள். அடுத்துப் பேச வேண்டியவரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படிவங்கள் என்னிடம் இருக்கின்றன. மேடம் எனக்கு விட்டுப்போன வேலை அதுதான். இப்போது எழுத்தில் கேட்கிறேன். யார் போடுகிறீர்கள்?