பதினோராவது அடுப்பு

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் அம்சத்தின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. கூலிப் போராட்டத்தின்போது மிராசுதார் பஞ்சநதத்தின் களத்திலேயே நின்று, "முதல்ல நெல்லை அளங்க, அப்புறம் பேசுங்க" என்று அவரிடமே சொன்னவள். குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுக்கும் சட்டம் வந்ததும் முதல் ஆளாகப் போய்க் கைநாட்டு வைத்தவளும் அவள்தான். அப்பேர்ப்பட்டவளை ஓர் அடிபம்பு அழவைத்தது.

பம்பு ரோட்டோரம் இருந்தது. குடியிருப்பில் மூன்று வரிசை வீடுகள். ஒவ்வொரு வரிசையும் வயல் பக்கம் தொடங்கி ரோட்டில் முடியும். அம்சத்தின் வீடு இரண்டாம் வரிசையில் முதலாவது, வயலோரம். ஐப்பசி மழையில் முழங்கால் சேற்றில் குடம் சுமந்து சுமந்து அவள் இடுப்பு விட்டுப்போனது. வயல் பக்கம் இன்னொரு பம்பு கேட்டால், பஞ்சாயத்துத் தலைவராகவும் இருந்த பஞ்சநதம் சிரிப்பார்.

"சர்க்காரே கணக்கெடுத்தாச்சு. உங்க எல்லாருக்கும் வாசல்லயே தண்ணி இருக்காம்."

கணக்கெடுப்பவர் தியாகேசன். நல்ல மனிதர், தொல்லையே அதுதான். அடுத்த முறை வந்தவரை அம்சம் வழிமறித்தாள்.

"என்னை மட்டும் ஏன் சார் கேக்க மாட்டேங்கிறீங்க?"

"எல்லாரையும் கேக்க முடியாதும்மா. நானா ஆளைப் பொறுக்கினா பாரபட்சம் ஆயிடும். அதான் முதல் வரிசையிலேருந்து எண்ணிக்கிட்டே வந்து பத்தாவது, இருபதாவது, முப்பதாவது வீட்டை மட்டும் கேக்குறேன். ஒரு அடுப்புன்னா ஒரு வீடு."

வரிசைக்குப் பத்து அடுப்பு. பத்து, இருபது, முப்பது மூன்றுமே பம்பை ஒட்டிய வீடுகள். துளியும் பாரபட்சம் இல்லாமல் அந்த மூன்று பேரையே வருஷா வருஷம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர்! அம்சம் பதினொன்று. முதல் வரிசையில் ஓர் அடுப்பு குறைந்தால் அவள் பத்து.

அந்த வரிசையில் பொன்னுத்தாயும் மருமகள் ராமாயியும் ஒரே வீட்டுக்குள் தட்டி மறைத்துத் தனித்தனியே பொங்கினார்கள். மீன் தலை யாருக்கு என்று தொடங்கிய சண்டை. அம்சம் தன் கோழியைக் கொடுத்து இரண்டு விரால் வாங்கி வந்தாள்.

"இந்தாங்க, ரெண்டு தலை. ஆளுக்கு ஒண்ணு. அடுப்பு மட்டும் ஒண்ணா இருக்கட்டும்."

தட்டி இறங்கியது. அதன்பிறகு அந்த வீட்டில் முணுமுணுப்புக் கேட்டாலே அம்சம் மீனோடு ஓடினாள். அவள் வளர்த்த கோழிகளெல்லாம் இப்படியே விராலாகிப் போயின.

தியாகேசன் வந்தார், எண்ணினார். பத்தாவது அடுப்பு அம்சம். இருபதாவது, மூன்றாம் வரிசையின் வயலோரத்துக் காளியம்மாள். முப்பதாவது இல்லவே இல்லை.

"பக்கத்துல தண்ணி வசதி இருக்கா?"

"இல்ல!" என்றாள் அம்சம், வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்கும்படி. காளியம்மாளும் இல்லை என்றே சொன்னாள்.

தை மாதம் லாரியில் புதுப் பம்பு வந்தது. அம்சம் வாசலில் மஞ்சள் குங்குமத்தோடு காத்திருந்தாள். லாரி வயல் பக்கம் வரவில்லை. ரோட்டோரத்தில், பழைய பம்பின் பக்கத்திலேயே பள்ளம் தோண்டினார்கள். அவள் ஓடினாள்.

"இங்கதான் ஏற்கெனவே இருக்கே!"

"போன தடவை எல்லாருக்கும் தண்ணி இருந்துச்சு, இப்ப ஒருத்தருக்கும் இல்லை. அப்ப இது செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்? அதான் புதுசு" என்றார் பம்பு மாட்ட வந்தவர்.

அம்சம் பழைய பம்பை அடித்தாள். தண்ணீர் கொட்டியது.

"வருது பாருங்க!"

"தண்ணி வருதும்மா. கணக்குல வரலையே."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மறுவாரம் அவள் குடத்தோடு போனபோது, ஒரு பம்பில் பொன்னுத்தாய், இன்னொன்றில் ராமாயி. இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்சம், இங்க வந்து பிடி" என்றாள் மாமியார்.

"அக்கா, இங்க வாங்க" என்றாள் மருமகள்.

அம்சம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"தட்டியை மறுபடியும் கட்டிட்டீங்களாடி?"

இருவரும் பம்பை இன்னும் வேகமாக அடித்தார்கள்.

"போங்கடி. நான் பழையபடி பதினொண்ணு."