தஞ்சாவூரில் இறங்காத அம்மா

பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. விடுமுறைக்கு மாமல்லபுரம் போனதும் முதலில் சிற்பங்களா, கடலா என்று என் கணவரும் மகளும் ஒரு வாரமாகச் சண்டை போடுகிறார்கள்; எனக்கு அலுத்துவிட்டது. இதே சண்டையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

பொன்மலையில், இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், கோடை விடுமுறை வந்தாலே, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, தெருவெல்லாம் சைக்கிள் மணி கேட்டு, கிரீஸ் வாடையோடு அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். "தஞ்சாவூர்ல பெரிய கோயில், அரண்மனை பாத்துட்டு அப்படியே நாகப்பட்டினம் போயிடலாம்" என்பார். கடலோரத்தில் பிறந்த அம்மா அரிசி களைந்துகொண்டே, "மொதல்ல கடலுக்குப் போவோம்" என்பாள். ஒவ்வொரு வருடமும் அப்பா தூண் தூணாக நின்று பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கடலைப் பார்க்காமலே திரும்புவோம்.

ஒரு வருடம் தஞ்சாவூரில் ரயில் நின்றதும் அப்பா பையோடு இறங்கினார். அம்மா ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு, வண்டிய எடுத்துருவான்."

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் கடலுக்குப் போறேன்."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் அப்பா திட்டிக்கொண்டே ஓடிவந்து ஏறினார். நாகப்பட்டினம் மணலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "போலாமா, போலாமா" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். முழங்கால் அளவு அலையில் நின்ற அம்மா, இருட்டும்வரை எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.