சீனித் தண்ணீரில் முக்கிய ஸ்கவுட் தொப்பிகள்

தையல் கடையில் துணி தொல்லை தராது, துணியைக் கொண்டு வருகிறவர்கள்தான் தருவார்கள். ஊசி பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

பள்ளிக்கூடம் போதும் என்று ஜொகூர் பாருவுக்கு வந்தவள் நான். சித்தப்பா கடையில் கையால் பேட்ஜ் தைக்கிற வேலை. மெஷினைத் தொட விடமாட்டார். ஸ்கவுட் பையன்களின் உடுப்பு மொத்தமும் எங்களுக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்: "சனிக்கிழமை அணிவகுப்புல ஸ்கவுட் மாஸ்டர் குறை சொல்லலைன்னா மெஷின் உனக்கு. சொன்னாருன்னா, ரெங்கம் ரப்பர் தோட்டத்துல உங்கப்பாவோட பால்மரம் வெட்டப் போ."

முழங்கால் சட்டம்

ஸ்கவுட் கால்சட்டைக்குக் கீழே முழங்கால் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்து மாஸ்டர் விரல் வைத்தே அளப்பார். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியின் சம்சாரம் மகனோடு வந்து, "வளர்ற பிள்ளை, கெண்டைக்கால் வரைக்கும் தை" என்றார். முடியாது என்றேன். அப்படியானால் மிச்சத் துணியை உள்ளே மடி என்றார்.

மடித்தேன். இடுப்பில் ஒரு சுற்று, தொடையில் ஒரு சுற்று. போட்டுப் பார்த்த பையன், உட்கார முடியவில்லை என்று அழுதான். அந்தம்மா சொன்னது: "அணிவகுப்புல நிக்கத்தானேடா போறே, எதுக்கு உட்காரணும்?"

சமையல் பேட்ஜ்

புதுப் பையனுக்கு ஒரு பூச் சின்னம். அடுத்த படிக்கு, சிரிக்கிற வாய் மாதிரி வளைந்த பட்டை. அதற்கப்புறம் கை நிறைய வட்ட வட்டமாகப் பேட்ஜ். செல்வம் என்ற பெரிய பையன், சமையலுக்கு ஒன்று, முதலுதவிக்கு ஒன்று என்று இரண்டு கொண்டு வந்தான். அடுப்பு மூட்டத் தெரியாதவன் அவன். இரண்டும் ஒரே நாளில் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"நான் ஆக்கின சோத்தை நம்ம கூட்டாளி ஒருத்தன் தின்னான், அவனை நானே காப்பாத்தினேன் லா!"

சீனித் தண்ணீர்

வெள்ளிக்கிழமை மழை. ஒத்திகைக்குப் போன தொப்பிகளின் அகல விளிம்பெல்லாம் நனைந்த அப்பளமாகத் தொங்கின. சீனித் தண்ணீரில் முக்கி இஸ்திரி போட்டால் பலகையாக நிற்கும். சீனியை அள்ளிப் போட்டவர் சித்தப்பா. அதிகம் என்றேன். "நீ இஸ்திரியைப் போடு" என்றார்.

மறுநாள் திடலில் பையன்கள் தொப்பியைப் புல்லில் வைத்துவிட்டு விளையாடினார்கள். விசில் ஊதியதும் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெள்ளைக்காரத் துரை பார்வையிட வந்தபோது ஒவ்வொரு நெற்றியிலும் எறும்பு இறங்கியது. அசையக்கூடாது என்பது உத்தரவு. ஒருவனும் அசையவில்லை. செல்வத்துக்குக் கண்ணீர் மட்டும் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவன் கை எடுக்கவில்லை. வேலியோரம் நின்ற நான், ரெங்கத்துக்கு எந்த ரயில் என்று யோசித்தேன்.

சாயங்காலம் மாஸ்டர் கடைக்கு வந்தார். ஒரு தொப்பியை என் முன்னால் வைத்தார். சித்தப்பா உள்ளே போய்விட்டார்.

"பொடியள் சிலை மாதிரி நிண்டவங்கள் எண்டு துரைக்குச் சரியான சந்தோசம். எறும்புக் கதையை நான் சொல்லேல்லை, நீரும் சொல்லாதையும் பிள்ளை."

மெஷின் கிடைத்துவிட்டது, அடுத்தவர்கள் அணிவகுத்து நடக்க, நாம் உட்கார்ந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் தையல் தொழில்.