எங்கள் காலனியின் மீன் குத்தகை

பென்ஷன் விஷயமாக வெளியே போகும் நாட்களில் வழியிலுள்ள அரசு அலுவலகங்களின் அறிவிப்புப் பலகைகளைப் படித்துவிட்டு வருவது என் வழக்கம். மற்ற ஓய்வூதியக்காரர்கள் கடற்கரையில் காற்று வாங்குவார்கள். எனக்குப் பலகை. கோட்டையில் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு ஒரு விஷயம் தெரியும்: யாரும் படிக்கக்கூடாது என்று நினைக்கிற அறிவிப்பைப் பலகையின் அடிமூலையில், விழா அழைப்பிதழுக்குக் கீழே குத்தி வைப்பார்கள். முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

அந்த மூலையில்தான் எங்கள் ஏரியின் மீன் குத்தகை ஏலத்துக்கு வருகிற செய்தி தொங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அடையாற்றில் பஸ் திரும்பும் இடத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காலனி. மனை விற்ற தரகர் அந்தத் தண்ணீரை ‘லேக்’ என்று சொல்லித்தான் விற்றார். அக்கம்பக்கத்தில் பல காலமாக இருப்பவர்கள் ‘தாங்கல்’ என்றார்கள். நாங்கள் குடிவந்தபோது அது ஆகாயத்தாமரை மூடிய பச்சை மைதானம். உள்ளே தண்ணீர் இருப்பதைக் கொசுக்கள் மூலமாகத்தான் அறிந்துகொண்டோம். அதைச் சுத்தம் செய்யச் சொல்லி மனுப் போடுவதற்காகச் சங்கம் ஆரம்பித்தோம். மனுக்கள் போயின, பதில்களும் வந்தன. ஓர் இலாகா இன்னொரு இலாகாவைக் கைகாட்டியது. அந்த இன்னொன்று எங்களையே கைகாட்டியது.

இதற்கிடையில் வடகரையில் ஒரு கட்டடக்காரர் லாரி லாரியாக இடிபாடுகளைக் கொட்ட ஆரம்பித்தார். கேட்டால், “இது எங்க சார் ஏரி? வெறும் பொதரு” என்பார். அங்கே அடுக்குமாடி கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு முதல் படி, இது உபயோகமற்ற நீர்நிலை என்று ஏதாவது ஓர் இலாகா ஒரு வரி எழுத வேண்டும். ஆகாயத்தாமரையைப் பார்த்து மிரண்டு சில வருஷங்களாக ஒருவரும் மீன் ஏலம் கேட்கவில்லை. இந்த முறையும் யாரும் கேட்காவிட்டால் அந்த ஒரு வரியை எழுதிவிடலாம். அறிவிப்பு ஏன் அடிமூலைக்குப் போயிற்று என்பது விளங்கியது.

எனக்கு ஏரியின் மேல் அப்படியொன்றும் காதல் கிடையாது. காலனியிலேயே தாழ்ந்த மனை என்னுடையது. விலை குறைவு என்று வாங்கி, பணிக்கொடை முழுவதையும் போட்டு வீடு கட்டியிருந்தேன். வடகரை தூர்ந்தால் ஐப்பசி மழைக்குப் போக வேறு இடமில்லை. நேராக என் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சங்கக் கூட்டம் தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்தது. தலைவர் மயிலாப்பூரிலிருந்து குடிவந்த ஆடிட்டர். அவர் வீட்டுச் சமையலறையில் வெங்காயத்துக்கே இடம் கிடையாது. நாம் மீன் குத்தகை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

“மீனா?” என்றார் தலைவர். “ஓய், லேக்கைச் சுத்தம் பண்ணத்தானே சங்கம் ஆரம்பிச்சோம்? மீன் பிடிக்கவா?”

“பிடிக்க வேண்டாம் சார். பிடிக்கிற உரிமையை மட்டும் எடுத்துண்டுடுவோம். குத்தகை இருந்தா அது ஏரி. ஏரின்னு ஆயிட்டா எவனும் தூர்க்க முடியாது.”

“அப்போ அந்த மீனெல்லாம்?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். சொல்லப்போனா நாம அதுகளுக்கு அபயம் குடுத்த மாதிரி.”

அபயம் என்ற சொல் வேலை செய்தது. பின்னாலிருந்து ஒரு மாமி, “அப்படின்னா புண்ணியம்தானே, எடுத்துடுங்கோ” என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குத்தகையை ஒரு தனிநபர் பெயரில்தான் எடுக்க முடியும் என்றேன். எந்தக் காகிதத்திலும் தன் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்பது தலைவரின் கொள்கை. கைதட்டலுக்கு நடுவே அவர் ஒப்புக்கொண்டார்.

இலாகா அதிகாரி முன்னிலையில் குத்தகைதாரர் மீன் பிடித்துக் காட்ட வேண்டும், தவறினால் குத்தகை ரத்து என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

ஏலத்தன்று கட்டடக்காரரின் ஆள் ஒருவர், யாரும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வந்திருந்தார். ஜரிகை அங்கவஸ்திரத்தோடு தலைவர் நுழைந்ததும், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் இடம் மாறி வந்துவிட்டார் என்று நினைத்து அவரே எழுந்து நாற்காலி கொடுத்தார்.

“தொழில்?” என்று எழுத்தர் கேட்டார்.

“ஆடிட்டர்.”

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். “மீன் தொழில்ல முன் அனுபவம் ஏதாச்சும்?”

தலைவர் என்னைப் பார்த்தார். “திமிங்கிலங்களுக்கெல்லாம் கணக்குப் பார்த்தவர்” என்றேன். எழுத்தர் மேற்கொண்டு கேட்கவில்லை. எதிர்த்துக் கேட்க ஆளில்லாததால் ஏரி எங்களுக்கு வந்தது.

பிறகு இலாகாவிலிருந்து ஆய்வு பற்றிய கடிதம் வந்தது. தலைவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்தார்.

“என்ன ஓய் இது? நான் மீன் பிடிச்சுக் காட்டணுமாம்!”

“நீங்க தொட வேண்டாம் சார். பக்கத்துல நின்னா போறும்.”

“உமக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு எல்லா நிபந்தனையும் தெரியும். எதைக் கேக்கறேள்?”

அவர் போன பிறகு என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “ஏன்னா, அவராத்துல கருவேப்பிலையையே மூணு தரம் அலம்புவா. அவரைப் போய்ச் செம்படவனா ஆக்கிட்டேளே!”

“கூடம் முழுக்கத் தண்ணி வந்தா நீதான் இறைக்கணும்.”

“அப்போ நன்னாப் பிடிக்கட்டும்” என்றாள்.

வலை வீசுவதற்குத் தண்ணீர் தெரிய வேண்டும் அல்லவா? சங்கச் செலவில் ஆள் வைத்து ஆகாயத்தாமரையை வாரினோம். எங்கள் மனுக்களால் ஆகாதது மீனால் ஆயிற்று. காலனிக்காரர்கள் மொட்டை மாடிக்கு ஏறி, தாங்கள் விலை கொடுத்து வாங்கிய லேக்கை முதல்முறையாகப் பார்த்தார்கள்.

வலைக்கு ஆள் வேண்டும். நொச்சிக்குப்பத்திலிருந்து காலையில் கூடையோடு எங்கள் பக்கம் வரும் மீன்காரம்மா ஒருவர் இருந்தார். எங்கள் தெருவைக் கடக்கும்போது மட்டும் குரலை அடக்கிக்கொள்வார். நான் போய்க் கூப்பிட்டதும் கூடையை இறக்காமலேயே பேசினார்.

“இன்னா சார், குட்டையிலயா? என் கொயுந்தன் கடலுக்குப் போற ஆளு. அவனைப் போயி ஏரியில எறங்குன்னா ரோசம் வந்துரும்.”

“வீச்சு வலையை நாலு தரம் வீசினா போதும்மா.”

“வீசறது இருக்கட்டும். உள்ள மீனு கீதா?”

“அதுதான் எனக்கும் தெரியணும்.”

அவர் சிரித்தார். “சரி, இட்டாறேன். ஆனா குப்பத்துல யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காதே. கேலி பண்ணியே சாவடிச்சிருவானுங்க.”

ஆய்வு நாளில் கரையில் திருவிழாக் கூட்டம். இலாகாவிலிருந்து வந்த ஆய்வாளர் குடையோடு நின்றார். தலைவர் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். எதிர்ப்புறம் மரநிழலில் கட்டடக்காரரின் கார். மீன்காரம்மா கூட்டி வந்த கொழுந்தன்தான் வலைக்காரர். அவர் முதல் வீச்சில் ஒற்றைச் செருப்பையும் பிளாஸ்டிக் பைகளையும் எடுத்தார். அடுத்த வீச்சில் பைகள் மட்டும். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மீன் இல்லை என்று அவர் எழுதிவிட்டால் குத்தகை போய்விடும். வடகரையும் என் கூடமும் அதோடு போய்விடும்.

தலைவர் மட்டும் பதற்றப்படவே இல்லை. “அந்த அரச மரத்துப் பக்கமாப் போடச் சொல்லுங்கோ” என்று கைகாட்டினார். வலைக்காரர் அங்கே வீசி இழுத்தார்.

வந்தது மீன். நல்ல பெரிய மீன், இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று. காலனி முழுவதும் கைதட்டியது. நானும் தட்டினேன். தலைவர் மூக்கிலிருந்து துணியை எடுத்துவிட்டு, “எங்க லேக் மீன் சார்” என்று ஆய்வாளரிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். வலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. மீன்காரம்மாவால் அடக்க முடியவில்லை.

“யோவ், இது சங்கராய்யா! கடல் மீனு! கடல்லேந்து ஆட்டோ புடிச்சு வந்துச்சா?”

நடந்தது இதுதான். மீன் கிடைக்காவிட்டால் மானம் போய்விடுமே என்று தலைவர் காலையிலேயே தன் கார் டிரைவரை அனுப்பி மார்க்கெட்டிலிருந்து ஒரு மீன் வாங்கி வரச் செய்து, மரத்தடியில் தண்ணீரில் போட வைத்திருக்கிறார். நல்ல தண்ணீரில் வாழும் மீன் வேறு, கடலில் வாழும் மீன் வேறு என்பது அவருக்குத் தெரியாது. கைதட்டிய எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டிரைவருக்குத் தெரியும். “சார்தான் பாக்க லட்சணமா, கலரா ஒண்ணு வாங்கியான்னாரு” என்றார் அவர்.

கட்டடக்காரர் காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவர் மீன் சாப்பிடுகிறவர். “பாத்தீங்களா சார்? ஃபிராடு! இதை அப்படியே எழுதுங்க. மீனே இல்லாத எடத்துல செத்த மீனைப் போட்டு எடுக்கறாங்க.”

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். நான் அவர் குடைக்குள் புகுந்தேன்.

“தாராளமா எழுதுங்க சார்” என்றேன். “ஆனா மோசடின்னு எழுதினா விசாரணை வரும். விசாரணைன்னா உங்க மேலதிகாரி வரணும். அவர் வந்தா, ஆய்வுக்கு முன்னாடி நீங்க ஏன் கரையைச் சோதிக்கலைன்னு முதல்ல உங்களைத்தான் கேப்பார். அப்புறம் நீங்க சாட்சி. நாளைக்கு உங்களை ராமநாதபுரத்துக்கு மாத்தினாலும் அங்கேருந்து பஸ் ஏறி வந்து, அடையாறு ஏரியில சங்கரா மீனைப் பாத்தேன்னு சொல்லணும். ஆபீஸ்ல ரிட்டயர் ஆகறவரைக்கும் உங்களைச் சங்கரான்னுதான் கூப்பிடுவாங்க.”

ஆய்வாளர் நான் சொன்னதை யோசித்துப் பார்த்தார். பேனாவை மூடினார். “அந்த மீனை அப்புறப்படுத்துங்க. நான் எதையும் பாக்கல” என்றார். பிறகு வலைக்காரரிடம், “இன்னொரு தரம் போடுப்பா. இதான் கடைசி.”

வலைக்காரருக்கு அதற்குள் ரோசம் வந்திருந்தது. கரையிலிருந்து வீசாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கினார். வடகரையில் கட்டடக்காரர் கொட்டிய இடிபாடுகளை நோக்கிப் போனார்.

“இன்னாடா, அங்க போற?” என்று மீன்காரம்மா கத்தினார்.

“நெயல் கீது, சேறு கீது. இருந்தா இங்கதான் பதுங்கிக்கினு இருக்கும்.”

வலை விழுந்தது. காலால் கற்களை உதைத்துக் கலக்கினார். கயிறு ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. கரைக்குக் கொண்டுவந்து உதறினார். கருப்பாக, தடியாக, ஒரு முழ நீளத்துக்கு ஒன்று துள்ளி எழுந்து நேராகத் தலைவரின் பஞ்சகச்சத்தில் மோதியது. “நாராயணா!” என்று அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன.

“விராலு சார், விராலு!” என்று ஆய்வாளரே தன்னை மறந்து கத்தினார். பின்னாலேயே சின்னச் சின்னதாக இன்னும் சில துள்ளின. கட்டடக்காரர் தன் கற்களைப் பார்த்தபடி நின்றார். எத்தனை லாரிக் கல்! அத்தனையும் அந்த விராலுக்கு வீடாகியிருந்தது. ஆய்வாளர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: நீர்நிலை உயிருடன் உள்ளது, மீன்வளம் உண்டு, குத்தகை தொடரலாம்.

அந்த மழைக்காலத்தில் ஏரி தளும்பியது. என் வாசல்படி வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. இடிபாடு லாரிகள் வேறு யார் வீட்டுப் பக்கமோ போய்விட்டன. தலைவர் வீட்டில் அவருக்கு என்னென்ன பிராயச்சித்தம் விதித்தார்கள் என்று தெரியாது. அந்தப் பஞ்சகச்சத்தை மட்டும் நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

அடுத்த வருஷ ஏலத்துக்கு வலைக்காரரே தன் அண்ணி மீன்காரம்மாவோடு வந்திருந்தார். ஏரியில் இறங்குவது இப்போது கேவலமில்லை போலிருக்கிறது. எனக்கு நிம்மதி. யார் எடுத்தால் என்ன? யாராவது கேட்டால் அது ஏரி. தலைவரின் காதில், “நாம ஒதுங்கிக்கலாம் சார். உங்களுக்கும் விடுதலை” என்றேன். அவர் தலையாட்டினார்.

வலைக்காரர் ஒரு தொகை சொன்னார். தலைவரின் கை உயர்ந்தது.

மீன்காரம்மா திரும்பிப் பார்த்தார். “இன்னா சாமி, அவன் பொழப்புக்குக் கேக்கறான். நீ துன்னவா போற? வுடேன்!”

“விடமாட்டேம்மா” என்றார் தலைவர். “என் லேக்கில மீன் இருக்கு. ஆபீசர் எழுதிக் குடுத்திருக்கார். சும்மா விட்டுடுவேனா?”

வலைக்காரர் ஏற்றினார். தலைவர் இன்னும் ஏற்றினார். எழுத்தர் ஒன்றை அடித்து மற்றொன்றை எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி வரிசையில் கட்டடக்காரரின் ஆள் ஒவ்வொரு தொகைக்கும் முகம் சுருங்கிக்கொண்டிருந்தார். விலை ஏற ஏற, அந்தத் தண்ணீரைப் பயனற்றது என்று எழுத எந்த இலாகாவுக்கும் துணிவு வராது. தலைவரின் கையைப் பிடித்து இறக்கலாம் என்று எழுந்த நான், மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.